மூன்றாம் வரிசையில் நூல்கண்டு

"நான் உயிரோட இருக்கும்போதே இந்த வீட்டைத் தவிக்கிற வரிசையில தள்ளிட்டியே, நீ நல்லா இருப்பியா?"

"அத்தை, நான் வைக்கலைன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நீயும் வைக்கல, நானும் வைக்கல. நூல்கண்டுக்குக் கால் முளைச்சு அதுவா நடந்து போச்சாக்கும்!"

"மெதுவாப் பேசுங்க. பக்கத்து வீட்ல கேக்குது."

"கேக்கட்டும்! ஊரே பார்த்தாச்சு. இனி பக்கத்து வீடு கேட்டா என்ன, எதிர் வீடு கேட்டா என்ன?"

பக்கத்து வீட்டில் கேட்கத்தான் செய்தது. அங்கே பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்று நாலு நிமிடம் ஆகிறது. எதிர் வீட்டில் ஒரே போர்வையை மூன்றாவது தடவையாக உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் தெரியாதவர்கள் கொஞ்சம் இப்படித் தள்ளி வாருங்கள், காதோடு சொல்லிவிடலாம்.

முப்பத்துநாலு வீடு, மூன்று தெரு, ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு மணி நேர நடை. இதுதான் ஊர். இதற்கு முன் உதவி செய்ய வந்தவர்கள் எல்லோரும் ஏதாவது கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒருவர் கொடுத்த அடிபம்பில் இப்போது மாடுகள் முதுகு சொறிந்துகொள்கின்றன. இந்த முறை வந்தவளோ எதையும் கொடுக்காமல் கேள்வியாகக் கேட்டாள். "உங்க ஊருக்கு என்ன வேணும்? யாருக்கு முதல்ல வேணும்? அதை யாரு முடிவு பண்ணணும்?" டீ குடிக்கிறீர்களா என்றால், "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்பாள். ஊர் அவளுக்குக் கேள்வியம்மா என்று பெயர் வைத்தது. அவளுடைய கேள்வி தாங்காமலே ஊர் கூடிப் பேசி, மலை ஊற்றிலிருந்து குழாய் இறக்குவது என்று முடிவு செய்தது. குழாய் அவளுடைய அமைப்பின் பொறுப்பு. பள்ளம் தோண்டுவதும் தொட்டி கட்டுவதும் ஊரின் உழைப்பு.

குழாய் இந்த வருடம் பன்னிரண்டு வீட்டுக்குத்தான் எட்டும். எந்தப் பன்னிரண்டு?

அதற்கும் ஊரே வழி கண்டுபிடித்தது. வைக்க விளைச்சல் இல்லாமல் வருடக்கணக்காகக் காலியாய்க் கிடந்த தானியக் கிடங்கின் தரையில், சாம்பலால் மூன்று கோடு போட்டார்கள். தாங்கும் வீடு, தள்ளாடும் வீடு, தவிக்கும் வீடு. தவிக்கும் வீட்டுக்குத்தான் இந்த வருடக் குழாய். தண்ணீருக்கு எத்தனை நடை, தூக்க எத்தனை கை, எத்தனை நாள் பட்டினி என்று எல்லார் முன்னாலும் பேசி, ஒவ்வொரு வீட்டையும் ஒரு கோட்டில் வைத்தார்கள். பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது என்பதால் சீட்டு இல்லை. வீட்டுக்கு ஒரு பொருள். கொல்லன் வீட்டுக்கு லாடம், ஆட்டுக்காரி வீட்டுக்கு மணி, கடைக்காரர் வீட்டுக்குப் பூட்டு. நம் தையல்காரி வீட்டுக்கு ஒரு நீல நூல்கண்டு.

அந்த நூல்கண்டு போன வாரம் நடு வரிசையில் இருந்தது. இன்று விடிந்தபோது மூன்றாம் வரிசையில் இருந்தது.

தண்ணீருக்குப் போன மாமியார் கிடங்கு வாசலைக் கடக்கும்போது பார்த்துவிட்டாள். அதோடு குடத்தைக்கூட நிரப்பாமல் திரும்பி வந்து மருமகள் தையல்காரியைப் பிடித்துக்கொண்டாள். மற்ற நாளாக இருந்தால் ஒரு ஆறு மணி நேரத்தில் அடங்கிவிடும். இன்றைக்குப் பார்த்து மகளைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். 'எங்க வீடு முதல் வரிசை' என்று போனிலேயே அடித்து விட்டிருந்தாள். நடு வரிசையை முதல் வரிசை ஆக்குவதற்கு அவளுக்கு வாய் இருந்தது. மூன்றாம் வரிசையை ஆக்கும் அளவுக்கு இல்லை.

"அண்ணி வைச்சிருக்க மாட்டாங்கம்மா" என்றாள் மகள் சின்னவள், தலையைப் பின்னிக்கொண்டே. கல்யாணப் பேச்சு அவளைப் பற்றியதுதான். ஆனால் வீட்டிலேயே பதற்றமில்லாமல் இருந்தது அவள் ஒருத்திதான். "குழாய் வேணும்னு ஆசைப்பட்டிருந்தா, எல்லார் முன்னாடியும் கேட்டே வாங்கியிருப்பாங்க. அண்ணி வாய் தெரியாதா உனக்கு?"

"நீ வாயை மூடு. கல்யாணப் பொண்ணு மாதிரியா இருக்க? நகத்துல பாரு, குழாய் ஒட்டுற பசை."

சின்னவள் நகத்தைப் பார்த்துக்கொண்டாள். பசைதான். அப்பாவோடு ஊற்றுக்குப் போய்க் குழாய் ஒட்டக் கற்றதில் வந்தது.

வாசலில் ஒரு மணிச் சத்தம், அதன் பின்னால் இருபது ஆடுகள், அவற்றின் பின்னால் ஆட்டுக்காரி.

"ஏ தையல்காரி! துணிக்குத்தான் அளவெடுப்பேன்னு நினைச்சேன். ஊருக்கே அளவெடுத்து வெட்டிட்டியே!"

"அக்கா, நான்..."

"பன்னெண்டு இருந்த வரிசையில காலையில எண்ணிப் பார்த்தேன், பதிமூணு. பன்னெண்டுக்குத்தான் குழாய். இப்ப விழப்போறது யாரு? கடைசியா சேத்தது என் மணி. இருபது ஆட்டுக்கும் எனக்கும் நான் ஒருத்திதான் நடக்கிறேன், தெரியும்ல? மூணு மணிக்குக் கூட்டம். அங்க பேசிக்கலாம்."

ஆடுகள் போயின. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். வீட்டுக்குள் ஏழை ஆக்கிவிட்டாள் என்று இடி. வெளியே ஏழை வேஷம் போட்டாள் என்று இடி. கோட்டில் பொருள் வைக்க ஊர் நம்பி விட்ட மூன்று பேரில் தையல்காரி ஒருத்தி. அவள் கை கறைபட்டது என்று ஊர் நினைத்துவிட்டால் அவள் பேர் போகும். அதோடு நிற்காது. மூன்று வரிசையும் பொய் என்றாகிவிடும், நாளைக்குப் பள்ளம் தோண்ட ஒருத்தரும் மண்வெட்டியை எடுக்க மாட்டார்கள்.

"நான் கிடங்குக்குப் போயிட்டு வந்துடறேன்" என்றாள்.

"போ. போயி சத்தமில்லாம எடுத்து முதல் வரிசையில வைச்சிட்டு வா."

"தொடவே மாட்டேன் அத்தை. இப்பத் தொட்டா நான்தான் வைச்சேன்னு ஆயிடும்."

கணவன் ஊரில் இருந்திருந்தால் நாலு வார்த்தை பேசியிருப்பான். அவன் லாரியோடு போய் ஒன்பது நாள் ஆகிறது.

கிடங்கில் நாலைந்து பேர் இருந்தார்கள். சும்மா வந்தவர்கள். ஊரில் எது நடந்தாலும் சும்மா வருகிறவர்கள். தையல்காரியைப் பார்த்ததும் பேச்சு சட்டென்று மழையைப் பற்றித் திரும்பியது. மழை பெய்து பதினோரு மாதம்.

அவள் மூன்றாம் கோட்டின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள், யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது பாருங்கள். லாடம், சல்லடை, மணி, உடைந்த கண்ணாடியின் சட்டம், அப்புறம் நீல நூல்கண்டு. கோட்டின் கோடியில் யாரோ ஒரு துண்டை மறந்து வைத்திருந்தார்கள்.

நூல்கண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னவோ உறுத்தியது. தையல்காரி நூல் முனையை விட்டுவைக்க மாட்டாள். கண்டின் விளிம்பில் இருக்கும் வெட்டில் சொருகிவிடுவாள், இல்லாவிட்டால் நூல் அவிழ்ந்து சிக்காகும். அன்றைக்கும் சொருகித்தான் வைத்தாள். இப்போதோ நூலின் முனை கண்டைச் சுற்றி வந்து முடிச்சுப் போட்டிருந்தது. ஒரு இழுப்பில் இறுகி, ஒரு இழுப்பில் அவிழும் முடிச்சு. இதை எங்கேயோ தினமும் பார்க்கிறோமே என்று தோன்றியது.

"என்னம்மா, உன் நூல்தானே? எடுத்துக்க வேண்டியதுதானே?" என்றான் சும்மா வந்தவர்களில் ஒருவன்.

"எடுக்க வரல. பார்க்க வந்தேன்."

மூலையில் கடைக்காரர் நின்றிருந்தார். ஊரில் நாய் குறுக்கே போனாலும் அதைப் பற்றி ஒரு கருத்துச் சொல்லாமல் விடமாட்டார் அவர். இன்று ஒன்றும் சொல்லவில்லை. தையல்காரியைப் பார்த்துப் பல்லைக் காட்டினார். அவ்வளவுதான். அவருடைய தோள்கூட என்னவோ வெறிச்சென்று இருந்தது. அவளுக்கு அப்போது அதை யோசிக்க நேரமில்லை. முடிச்சு யாருடையது என்று நினைவு வந்துவிட்டது.

ஊற்றுக்கு முக்கால் மணி நேர ஏற்றம். அரை மணியில் ஏறினாள்.

மாமனார் கொத்தனார். தொட்டியின் கடைசிச் சுவரை எழுப்பிக்கொண்டிருந்தார். இரண்டு முளைக்கு நடுவில் மட்டத்துக்காக நூல் இழுத்துக் கட்டியிருந்தார். முளையில் அந்த நூலின் முடிச்சு. ஒரு இழுப்பில் இறுகி, ஒரு இழுப்பில் அவிழும் முடிச்சு.

"மாமா, நேத்து சாயங்காலம் கிடங்குக்குப் போனீங்களா?"

"போனேனே" என்றார் அவர், பெருமையாக. "நீங்கள்லாம் என்ன படம் போட்டிருக்கீங்க? நம்ம வீட்டையே தப்பாப் போட்டு வைச்சிருந்தீங்க. நான்தான் சரி பண்ணினேன். எடுக்கும்போது நூல் வேற முனை அவுந்து தொங்கிச்சு, கட்டி விட்டேன்."

"என்ன சரி பண்ணினீங்க?"

"நாம பள்ளத் தெருவுல இருக்கோம். நூல்கண்டை நடுத் தெருவுல வைச்சிருந்தீங்க. எடுத்துப் பள்ளத் தெருவுல வைச்சேன். எட்டாவது வீடு, வத்தின கிணத்துப் பக்கம். சரியா எண்ணித்தான் வைச்சேன்."

தையல்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

நடந்தது இதுதான். பதினைந்து நாளுக்கு முன்னால் அதே கிடங்கில், அதே பொருள்களை வைத்து ஊரின் படம் போட்டார்கள். குழாய் எந்தப் பாதையில் வரலாம் என்று பார்ப்பதற்கு. மூன்று தெரு, மூன்று கோடு. அதில் கொத்தனார் இருந்தார், அவர்தான் பாதையே சொன்னார். அப்புறம் ஊற்றுக்கு ஏறியவர் இறங்கவே பொழுது போய்விடும். போன வாரம் அந்தக் கோடுகளை அழித்துவிட்டு வேறு மூன்று கோடு போட்டது அவருக்குத் தெரியாது. வீட்டில் யாராவது சொல்லியிருக்கலாம். ஆனால் பெண் கேட்டு வரும் விஷயத்தில் அவருக்கும் மனைவிக்கும் ஆறு நாளாகப் பேச்சு வார்த்தை இல்லை. மருமகள் சொல்லியிருப்பாள் என்று மகள் நினைத்தாள், மகள் சொல்லியிருப்பாள் என்று மருமகள் நினைத்தாள்.

"மாமா, அது தெரு இல்லை" என்று அவள் விளக்கமாகச் சொன்னாள்.

கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார். 

"அப்ப நம்மளை..."

"தவிக்கிற வீடுன்னு வைச்சிட்டீங்க. நான்தான் திருட்டுத்தனமா வைச்சேன்னு ஊரே பேசுது. மூணு மணிக்குக் கூட்டம்."

"நீயே போய் எடுத்து மாத்தி வைச்சிடேன்மா."

"நான் தொட மாட்டேன். நீங்க வந்து சொல்லணும்."

"இன்னிக்கா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடியா?" அவர் குரல் இறங்கியது. "ஊருக்கெல்லாம் மட்டம் பார்த்துச் சொல்றவன், மூணு கோடு என்னன்னு தெரியாம கையை வைச்சான்னு சிரிப்பாங்களேம்மா. மூட்டையைத் தூக்கச் சொல்லு, தூக்கறேன். இது..."

 மாமனாரைக் கட்டாயப்படுத்துகிற பழக்கம் அவளிடம் இல்லை.

"நான் உங்களைக் காட்டிக் குடுக்க மாட்டேன் மாமா. நீங்க சொன்னாத்தான் உண்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

வீட்டு வாசலில் கார் நின்றது. வெள்ளைக் கார், பளபளவென்று. தெருப் பிள்ளைகள் அதில் முகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் முகமோ காரைவிடப் பளபளத்தது.

"எங்கடி போயிட்ட? கார்ல வந்திருக்காங்க, கார்ல!" என்று உள்ளே இழுத்துக் காதைக் கடித்தாள். "ரெண்டு பேரையும் வீட்டுக்குள்ளயே வைச்சிரு. கிடங்குப் பக்கம் விட்டுடாதே. என்ன கேட்டாலும் டீயை ஊத்து."

"எங்க அவங்க?"

மாமியார் திரும்பினாள். நாற்காலிகள் காலி. டீ ஆறிக்கொண்டிருந்தது.

பின்பக்கம் பார்த்தால், சின்னவள் இரண்டு குழாய்த் துண்டை வைத்து மாப்பிள்ளைக்கு ஏதோ காட்டிக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளை வண்டிப் பட்டறையில் வேலை பார்ப்பவன். வந்ததிலிருந்து வாயைத் திறக்காதவன், குழாயைக் கண்டதும் திறந்துவிட்டான்.

"நடுவுல மேடு வந்தா காத்து அடைச்சுக்குமே, அப்ப என்ன பண்ணுவீங்க?"

"மேட்டு உச்சியில ஒரு காத்து வால்வு. அதைத் திறந்து விட்டா புஸ்ஸுன்னு போயிடும்."

"எங்க பட்டறையிலயும் அதே கதைதான். பிரேக் ஆயிலுக்கு."

மாமியாருக்கு இதில் நல்லது கெட்டது ஒன்றும் பிடிபடவில்லை. "உங்க அம்மா எங்க தம்பி?" என்றாள்.

"கிடங்கைப் பார்க்கணும்னு போயிட்டாங்க. ஏதோ வரிசைன்னு போன்ல சொன்னீங்களாமே."

தன் வாயே தனக்கு எதிரி என்று மாமியாருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகத் தோன்றியிருக்கலாம். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஓடினாள். அவள் பின்னால் தையல்காரி, அவள் பின்னால் சின்னவள், கடைசியில் குழாய்த் துண்டோடு மாப்பிள்ளை.

கிடங்கு நிறைந்திருந்தது. கேள்வியம்மா ஒரு தூணோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள், வழக்கம்போல ஏதோ திருவிழாவுக்கு வழிதவறி வந்தவள் மாதிரி. பக்கத்திலேயே மாப்பிள்ளையின் அம்மா, கனத்த உடம்பு, இடுப்பில் ஒரு கையை ஊன்றியபடி. கண் மட்டும் கோட்டுக்குக் கோடு போய் வந்தது.

ஆட்டுக்காரி முதலிலேயே எழுந்துவிட்டாள். "மூணாவது வரிசையில பதிமூணு வந்திருக்கு. நூல்கண்டுக்கு அங்க என்ன வேலை? வைக்கிற கையே வாரிக்கிட்டா இந்த வரிசை எதுக்கு? அழிச்சிடுங்க. பழைய மாதிரி யார் கத்துறாங்களோ அவங்களுக்குக் குழாய்னு வைச்சுக்கலாம். எனக்கும் கத்தத் தெரியும்."

"தெரியும் தெரியும்" என்றது கூட்டம்.

"தையல்காரி என்ன சொல்றா?"

தையல்காரி எழுந்தாள். வார்த்தை தொண்டைவரை வந்தது. ஒரே ஒரு வாக்கியம். சொன்னால் அவள் தப்பித்துவிடுவாள். எதிரே சம்பந்தம் பேச வந்தவர்கள். மாமனாரின் பெயரை இவர்கள் முன்னால் இழுப்பதா?

"நான் வைக்கல" என்றாள். "அதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் இல்லை."

"பார்த்தீங்களா!" என்று ஆட்டுக்காரி கையைத் தட்டினாள். "அப்ப பேய் வைச்சிச்சு!"

"பேய் இல்லம்மா. நான் வைச்சேன்."

வாசலில் கொத்தனார். முழங்கால் வரை சிமெண்ட். முகத்திலும் கொஞ்சம். மூச்சு வாங்கியது. மேலேயிருந்து ஓடி வந்திருக்க வேண்டும்.

"நான் இதை நம்ம ஊர்ப் படம்னு நினைச்சேன். மூணு கோட்டைப் பார்த்தேன், மூணு தெருன்னு நினைச்சேன். என் வீடு தெரு மாறி இருந்துச்சு. எடுத்து வைச்சேன். என் மருமகளுக்கு இது தெரியாது. எனக்கும்..." கையில் ஒட்டிய சிமெண்டை வேட்டியில் துடைத்தார். "எனக்கும் தெரியாது, என்ன செஞ்சேன்னு."

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் ஒரு மூலையில் ஆரம்பித்த சிரிப்பு மற்ற மூன்று மூலைக்கும் போனது.

ஆட்டுக்காரி மட்டும் சிரிக்கவில்லை. "இது நல்ல கதையா இருக்கே. உங்க வீட்டை மட்டும் எப்படித் தப்பாமப் பார்த்தீங்க? மத்த வீடெல்லாம் கண்ணுல படலையா?"

"பட்டுச்சே! என் தெருவை முழுசாச் சரி பண்ணினேன். மத்த தெரு அவங்க அவங்க பாடு. என் தெருவுல ரெண்டுதான் குறைஞ்சிச்சு. ஒண்ணு நூல்கண்டு. இன்னொண்ணு முதல் வரிசையில தனியாக் கிடந்தது. நம்ம கடைக்காரர் பூட்டு. கோடியில அவர் கடை வரணுமே, அதான் அங்க வைச்சேன்."

"பூட்டா? எங்க?"

"அதோ, அந்தத் துண்டுக்கு அடியில பாரு."

ஆட்டுக்காரி போய்த் துண்டைத் தூக்கினாள். அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பெரிய பூட்டு, எண்ணெய் போட்டுத் துடைத்தது. மூன்றாம் வரிசை. தவிக்கும் வீடு.

ஊரில் மாடி வைத்த ஒரே வீட்டுக்காரரை ஊர் திரும்பிப் பார்த்தது. துண்டு இல்லாத அவருடைய தோளையும் பார்த்தது.

"காலையில பார்த்தீங்களா அண்ணே?" என்றாள் ஆட்டுக்காரி, தேனாக.

"பார்த்தேன்... ஊரே கூடி யோசிச்சு வைச்சிருப்பாங்கன்னு... ஊர் முடிவை மீற நான் யாரு?" என்றார் கடைக்காரர்.

இந்த முறை ஆட்டுக்காரியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வந்து தையல்காரியின் கையை அழுத்தினாள். "பதிமூணு இல்லடி, பதினாலு. எனக்கு எண்ணவும் தெரியல. திட்டினதை மனசுல வைச்சுக்காதே. வைச்சுக்கிட்டாலும் சரி, ரவிக்கையை மட்டும் இறுக்கமாத் தைச்சிடாதே."

பூட்டு முதல் வரிசைக்குப் போனது. எடுத்து வைக்க நாலு பேர் போட்டி போட்டார்கள்.

"நூல்கண்டு?" என்றாள் கேள்வியம்மா. "அது எங்க இருக்கணும்? யாரு வைக்கணும்?"

கூட்டம் தையல்காரியைப் பார்த்தது. அவள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் முதல் வரிசையைப் பார்த்தாள். பக்கத்தில் காரில் வந்த சம்பந்தி. போனில் சொன்ன வார்த்தை. ஒரு முழம் எட்டிப்போட்டால் முதல் வரிசை. ஊரில் பாதிப் பேர் இன்றைக்குக் கருணையாக இருக்கிறார்கள், கண்டுகொள்ள மாட்டார்கள்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா தொண்டையைக் கனைத்தாள்.

"வெளியூர்க்காரி, ஒண்ணு கேக்கலாமா? எங்க வீட்டை இதுல வைச்சா எங்க வைப்பீங்க?"

"அது நீங்கதான் சொல்லணும்" என்றார் கொல்லர். "தண்ணிக்கு எவ்வளவு தூரம்? யாரு தூக்குறா? சும்மா தெரிஞ்சதைச் சொல்லுங்க. இங்க எல்லாரும் சொன்னதுதான்."

"பக்கத்துத் தோட்டத்துல மோட்டார் ஓடினா வாங்கிக்குவேன். கரண்ட் இல்லேன்னா ஓடை. இவன் வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவான். நானேதான் தூக்குறேன். போன வருஷம் குடத்தோட விழுந்தேன், அதுலருந்து இந்த இடுப்பு..." நிறுத்திக்கொண்டாள். பிறகு கைப்பையைத் துழாவி ஒரு சாவியை எடுத்தாள். ஒற்றைச் சாவி, வளையம்கூட இல்லை.

முதல் கோட்டைத் தாண்டினாள். இரண்டாவது கோட்டின் அருகில் நின்றாள். யோசித்தாள். அதையும் தாண்டி, மூன்றாவது கோட்டின் முன்னால் கஷ்டப்பட்டுக் குனிந்து சாவியை வைத்தாள்.

"அம்மா" என்றான் மகன்.

"பொய்யாடா?"

அவன் கை கொடுத்து அவளை நிமிர்த்தினான்.

மாமியாருக்குத்தான் தாங்கவில்லை. "கார்ல வந்தீங்களே!"

"அது இவன் பட்டறை முதலாளியோட கார். மூணு மணிக்குத் திருப்பிக் குடுத்துடணும்னு சொன்னாரு." மகனின் கைக்கடிகாரத்தை எட்டிப் பார்த்தாள். "நாலாகப் போகுது. இவனுக்கு நாளைக்கு வேலை இருக்கோ இல்லையோ."

மாமியார் அவளையே பார்த்தாள். சாவியைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். மூன்றாம் வரிசையிலிருந்து நூல்கண்டை எடுத்தாள். எல்லோரும் பார்க்க, இரண்டாவது கோட்டில், சாம்பலின் மேல் அழுத்தி வைத்தாள்.

"நாங்க தள்ளாடுறவங்க" என்றாள். "விழுந்துடல. தள்ளாடுறோம். எழுதிக்கோங்க."

திரும்பி வந்து மருமகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறு நாளுக்குப் பிறகு கணவனிடம் முதல் வார்த்தை பேசினாள். "முகத்தைத் துடைங்க. சம்பந்தி பார்க்கிறாங்க."

அடுத்த நாள் முப்பத்துநாலு வீட்டிலிருந்தும் மண்வெட்டி வந்தது. ஒரு வீட்டிலிருந்து மட்டும் மண்வெட்டியோடு கூலிக்கு ஓர் ஆளும் வந்தது. எந்த வீடு என்று உங்களுக்கே தெரியும். கடைக்காரர் இப்போதெல்லாம் துண்டு போடுவதில்லை.

காரைத் தாமதமாகக் கொடுத்ததற்கு மாப்பிள்ளைக்கு ஒரு வாரம் வேலை இல்லாமல் போனது. அந்த ஒரு வாரமும் அவன் இந்த ஊர்ப் பள்ளத்தில் நின்று மண் வெட்டினான். வெட்டுவதைவிட, குழாய் ஒட்டுகிறவளிடம் சந்தேகம் கேட்டதுதான் அதிகம் என்று ஆட்டுக்காரி சொல்கிறாள். பன்னிரண்டாவது வீட்டுக்குத் தண்ணீர் வந்த மறு மாதம் கல்யாணம். சின்னவள் புகுந்த வீட்டுக்குப் போகும்போது கொண்டுபோனது துணிப்பெட்டி ஒன்று, தண்ணீர் ஊற்றி மட்டம் பார்க்கும் முப்பதடிக் குழாய் ஒரு சுருள். அங்கே போன மூன்றாவது வாரம் பள்ளிக்கூட முற்றத்தில் மூன்று கோடு போட்டாளாம். முதலில் மாமியார்க்காரி தன் சாவியை எடுத்துக்கொண்டு வந்தாளாம். மகளைத் தனியே விடமாட்டேன் என்று கொத்தனாரும் தொட்டி கட்ட அங்கே போய்விட்டார். எப்போது வருவார் என்று கேட்டால், "மட்டம் சரியாகட்டும்" என்கிறார்.

கேள்வியம்மாவை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். கிளம்பும்போது தையல்காரியைத் தனியே கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டாள். இந்தப் பக்கத்து ஏழு ஊருக்கும் தன் இடத்தில் அவள் வருவாளா என்று. வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருக்க முடியாது, தைக்க வந்த துணியெல்லாம் அப்படியே கிடக்கும். அடுத்த திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும். தையல்காரி இதை யாரிடமும் சொல்லவில்லை. கணவனின் லாரி ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறது.

ஆனால் நேற்று அவள் ஆட்டுக்காரி வீட்டிலிருந்து திரும்பியபோது, உள்ளே தையல் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். மாமியார், மூக்கு ஊசியில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, ஒரு பழைய தலையணை உறையில் கோணல்மாணலாகத் தையல் ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தாள்.

யார் சொன்னது அவளுக்கு?